தைவதம் 400-ஆ, 405-ஆ?

திருவையாற்றிலும் தஞ்சாவூர் வட்டாரத்திலும் வீணை கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



"கீபோர்டில் சுருதி கிடையாது" என்று நீங்கள் பேசிக்கொள்வதை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பாடம் சொன்னவர்கள் ஆர்மோனியத்தைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை வாசலிலேயே நிறுத்தியது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. ஸ்வரங்களை அறைந்து வைத்த வாத்தியம், கமகம் வராது, சுருதி நுட்பம் செத்துப்போகும் என்பது குற்றப்பத்திரிகை. சங்கீதக்காரர்கள் பலர் ஒரே குரலில் பேசிய அபூர்வமான விஷயங்களில் அது ஒன்று.

அந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி. தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் இரண்டாவதாக வரும் கௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிஷபம் சட்ஜத்தை விட்டு விலக மனமில்லாததுபோல் மிகத் தாழ்ந்து நிற்கும். கீபோர்டில் சட்ஜத்துக்கு அடுத்த கட்டையை அழுத்தினால் வருவது அதைவிட உயர்ந்தது. நான்காவதாக வரும் வராளியின் மத்தியமம் பஞ்சமத்தை முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் கீபோர்டில் கட்டை இல்லை. தோடி காந்தாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது ஓர் இடமே இல்லை, ஒரு நடமாட்டம். ஆகவே ராகத்தைக் கட்டையில் அடக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் மடியில் இருக்கும் வாத்தியத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்டியின் மேல் 24 மெட்டு. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. கீபோர்டிலும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைதான். கறுப்பு மெழுகில் பதித்த அந்த மெட்டுகளை வாசிக்கும்போது நீங்கள் நகர்த்துவதில்லை. சங்கராபரணம் முடிந்து தோடிக்குப் போனாலும் அதே மெட்டுகள், அதே இடங்கள். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு ராகத்துக்கு வேண்டிய மெட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு ராகத்துக்குப் போக மெட்டை மாற்றிய வீணைகளும் இருந்தன. எல்லா ராகத்துக்கும் பொதுவாக மெட்டுகளை நிலைநிறுத்திய வீணையைத் தஞ்சை ரகுநாத நாயக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. அவர் அரசாண்டது 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, பன்னிரண்டு இடங்களை வைத்துக்கொண்டு 72 மேளங்களைக் கணக்குப் போட்டார். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை பத்தொன்பதுதான். மற்றவற்றுக்கும் இடம் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, ஜெர்மனியில் கோத்தன் என்ற சிறிய அரசவையில் சம்பளத்துக்கு இருந்த யோஹான் செபாஸ்டியன் பாக், 1722-இல் ஒரு கையெழுத்துப் புத்தகத்தை முடித்தார். நன்றாகச் சுருதி சேர்த்த கிளாவியருக்கு, அதாவது கட்டை வாத்தியத்துக்கு, என்று பெயர். பன்னிரண்டு கட்டையில் ஒவ்வொன்றையும் சட்ஜமாக வைத்து, மேஜர் ஒன்று, மைனர் ஒன்று. ஆக 24 சுருதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெலூட், ஒரு ஃபியூக். சுமார் இருபது வருடம் கழித்து இன்னொரு 24 ஜோடி. அதற்கு முன் யாரும் இந்தச் சுற்றை இவ்வளவு முழுதாக வாசிக்கத் தகுந்த இசையாக எழுதியதில்லை. வேங்கடமகிக்கும் பாக்குக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. பாக் மறைந்தது 1750-இல்; நம் தியாகராஜர் பிறந்ததே 1767-இல். இவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஆனால் ஒரே சிக்கல் இரண்டு ஊரிலும் இருந்தது. அதை உங்கள் வீணையிலேயே காட்டுகிறேன்.

மேளம் கட்டுகிறவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் அடுத்த முறை வீணையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல் பாருங்கள். மெழுகை இளக்கி, மெட்டை வைத்து, கட்டை விரலால் ஒரு மயிரிழை தள்ளி, சாரணியை மீட்டுவார். உடனே பஞ்சமத் தந்தியையும் அதே மெட்டில் மீட்டுவார். பிறகு மந்தரம். ஒரு மெட்டு ஒரு தந்திக்கு உரியதில்லை. நான்கு தந்திக்கும் குறுக்கே கிடக்கிறது. சாரணியில் ஒரு ஸ்வரம் சொல்லும் மெட்டு, பஞ்சமத் தந்தியில் வேறு ஸ்வரம் சொல்லும். இரண்டாவது மெட்டு சாரணியில் சதுச்ருதி ரிஷபம், பஞ்சமத் தந்தியில் சதுச்ருதி தைவதம். ஒன்பதாவது மெட்டு சாரணியில் அதே சதுச்ருதி தைவதம், பஞ்சமத் தந்தியில் அந்தர காந்தாரம். இங்கேதான் அவர் முகம் கொஞ்சம் கோணும்.

கணக்குப் போடுவோம். சட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம் அதற்கு ஒன்றரை மடங்கு, 360. சாரணிக்கு அடுத்த தந்தி மந்தர பஞ்சமம், ஆகவே 180. ஏழாவது மெட்டில் அந்தத் தந்தி 180-க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 270, ரிஷபம் சொல்லும். இரண்டாவது மெட்டில் சாரணி சொல்லும் ரிஷபமும் அதே 270-ஆக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ரிஷபம் இரண்டு குரலில் பேசும். சரி, இரண்டாவது மெட்டை 270-க்கு வைத்தாயிற்று. அதே மெட்டில் பஞ்சமத் தந்தி 202.5 சொல்லும். அது மந்தர தைவதம். ஒரு ஸ்தாயி மேலே கொண்டுவந்தால் 405.

இப்போது ஒன்பதாவது மெட்டு. தம்பூராவை நன்றாகச் சேர்த்து, ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நிறுத்தினால், யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும் இல்லையா? அது சட்ஜத்துக்கு ஒன்றேகால் மடங்கு. 240-க்கு 300. உங்கள் காது காந்தாரம் என்று கேட்டுப் பழகியது அதைத்தான். பஞ்சமத் தந்தி 180-ஐ 300-க்குக் கொண்டுவர மெட்டு எங்கே இருக்க வேண்டும்? அந்த இடத்தில் சாரணி 400 சொல்லும். ஆக, இரண்டாவது மெட்டின் கணக்கில் தைவதம் 405, ஒன்பதாவது மெட்டின் கணக்கில் தைவதம் 400. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் விநாடிக்கு ஐந்து தடவை அலை அடிக்கும். செவிட்டுக் காதுக்கும் கேட்கும் வித்தியாசம்.

மேளம் கட்டுபவர் தப்பாக வேலை செய்ததால் வந்ததில்லை இந்த ஐந்து. ஒன்றரையை அடுக்கிக்கொண்டு போனால் ஒன்றேகாலோடு அது ஒருநாளும் சரியாகச் சேராது. எண்களின் குணம் அது. ஒன்றரை மடங்காகவே பன்னிரண்டு முறை ஏறி, ஏழு ஸ்தாயி இறங்கி வந்தால் புறப்பட்ட 240-க்கு வராது, ஏறக்குறைய 243.3-இல் போய் நிற்கும். குரலுக்கு இதனால் தொந்தரவு இல்லை. பாடுகிறவர் அந்தந்த இடத்தில் வேண்டிய தைவதத்தை எடுத்துக்கொள்வார், தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. வயலின்காரர் விரலும் அப்படித்தான். மெட்டு வைத்த வாத்தியத்துக்கும் கட்டை வைத்த வாத்தியத்துக்கும்தான் முன்கூட்டியே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தக் குறையை என்ன செய்தார்கள்? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடம் குறை எப்படியும் வந்தே தீரும், யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி. பாக்குக்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஆர்கனிலும் ஹார்ப்சிகார்டிலும் அதிகம் வாசிக்கும் சுருதிகளில் காந்தாரங்களைத் தூய்மையாக வைத்துக்கொண்டு, மிச்சக் குறையை எல்லாம் யாரும் போகாத ஒரு மூலையில் தள்ளினார்கள். அந்தக் கடைமடைப் பஞ்சமம் ஊளையிடும். அதற்கு 'ஓநாய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சுருதியில் பாட்டு எழுதவே மாட்டார்கள். பிறகு ஜெர்மன் ஆர்கன்காரர் வெர்க்மைஸ்டர் போன்றவர்கள் முறை வைத்துத் திறக்கும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். எல்லா மடைக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறையட்டும், யாரும் காய வேண்டாம். எல்லாருக்கும் அச்சடித்தாற்போல் ஒரே அளவு என்று பாக் காலத்தில் வழக்கமில்லை. சில சுருதி கொஞ்சம் இனிப்பாகவும் சில கொஞ்சம் காரமாகவும் இருந்தன, ஆனால் 24-லும் வாசிக்க முடிந்தது. எல்லா இடைவெளியும் சரிசமம் என்று ஆனது பின்னால்தான். இன்று உங்கள் சிநேகிதியின் கீபோர்டில் தைவதம் 403.6. 400-க்கும் 405-க்கும் நடுவில், யாருடைய பக்கமும் சேராமல்.

பாக் தன் ஹார்ப்சிகார்டுக்குத் தானேதான் சுருதி சேர்ப்பார், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்று அவருடைய வரலாற்றை 1802-இல் எழுதிய ஃபோர்க்கெல் சொல்கிறார். எந்த முறையில் சேர்த்தார் என்று பாக் எழுதி வைக்கவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தில் தலைப்புக்கு மேலே வரிசையாகச் சில சுழிகள் இருக்கின்றன. அவைதான் சுருதி சேர்க்கும் குறிப்பு என்று 2005-இல் பிராட்லி லேமன் என்பவர் எழுதினார். வெறும் அலங்காரம் என்று மற்றவர்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. வித்வான்களின் சண்டை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

தஞ்சாவூரிலும் இதே சண்டை நடந்தது. கருணாநிதி வைத்தியசாலையை நடத்திய ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் வித்வான்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற பழைய கணக்கு பொருந்தாது, சிலப்பதிகாரத்தில் தெரியும் தமிழிசை ஸ்தாயியைச் சம அளவில் பன்னிரண்டாகவும் 24-ஆகவும் பகுத்தது என்பது அவர் வாதம். பியானோக் கணக்கைப் பழந்தமிழ் மேல் ஏற்றுகிறார் என்று எதிர்த்தார்கள். 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ் நூல்' வழியாக விபுலானந்த அடிகள் 22-இன் பக்கம் பேசினார். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பண்டிதர் குரலைப் பற்றிச் சொன்னது தவறு, மெட்டைப் பற்றிச் சொன்னது சரி. பன்னிரண்டு நிலையான இடங்களில் எல்லா ராகத்தையும் வாசிக்க வேண்டும் என்று எப்போது முடிவெடுத்தோமோ அப்போதே சமப் பகுப்பின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டோம். அதை ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சம்.

நம் கூச்சத்தைக் காப்பாற்றுவது இடது கை. தந்தியை இழுத்தால் சுருதி ஏறும். 400-இல் இருக்கும் மெட்டிலிருந்து 405-ஐ இழுத்து எடுத்துவிடலாம். 405-இல் இருக்கும் மெட்டிலிருந்து 400-க்கு இறங்க வழியே இல்லை. கீபோர்டு மாணவிக்கு அந்த விரல் இல்லை. பாக்குக்கும் ஹார்ப்சிகார்டில் அது இல்லை. சரி, சமரசம் செய்துகொண்ட பிறகு அவர் அதை வைத்துக்கொண்டு என்னதான் வாங்கினார்?

முதல் புத்தகத்தின் முதல் பிரெலூடைப் பாருங்கள். கேட்டிருப்பீர்கள், செல்போன் மணியாகக்கூட வந்திருக்கிறது. சி மேஜர், நம் கணக்கில் சங்கராபரணம். முதல் பார், அதாவது முதல் தாளப் பகுதி, முழுவதும் ச க ப, மேல் ச, மேல் க, இவ்வளவுதான், கோத்துக் கோத்து. இரண்டாவது பாரில் ச அடியிலேயே நிற்க, மேலே ரி த, மேல் ரி, மேல் ம. இப்போது கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ரி 270. தம்பூரா காந்தாரத்தோடு சேர்ந்த தைவதம் 400. ஆனால் 270-க்குப் பஞ்சமம் 405. சுத்தமாகச் சேர்த்த சங்கராபரணத்தில், உருப்படி தொடங்கிய இரண்டாவது பாரிலேயே ரிஷபமும் தைவதமும் ஒன்றோடொன்று உரசும். மேளம் கட்டுகிறவரை முகம் சுளிக்க வைத்த அதே தைவதம்!

ஒற்றை வரியாகப் பாடும்போது இந்த உரசல் வராது. ரி போய்விட்ட பிறகு த வரும், காது மன்னித்துவிடும். இரண்டு குரல் ஒரே நேரத்தில் நின்றால்தான் கணக்கு வெளியே வரும். பாக்குக்கு ஒரே நேரத்தில் பல குரல் வேண்டியிருந்தது. கவுண்டர்பாயின்ட் என்பது அதுதான். ஒரு பாட்டும் அதற்குப் பக்கவாத்தியமும் இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பாடத் தகுந்த இரண்டு, மூன்று, நான்கு வரிகள், ஒன்றை ஒன்று மிதிக்காமல் சேர்ந்து போவது.

பிரெலூடை அடுத்து வரும் ஃபியூகில் அதை ஸ்வரமாகவே எழுதுகிறேன். முதல் குரல் தனியாக, சமத்தில் எடுக்காமல் கொஞ்சம் தள்ளி எடுத்து, ச ரி க ம ப ம க த ரி ப த ப ம க. பதினாலு ஸ்வரம். இதில் ஒன்று கவனித்தீர்களா? நிஷாதம் இல்லை. அது முடிந்ததும் இரண்டாவது குரல் அதே சொல்லைப் பஞ்சமத்திலிருந்து சொல்கிறது. ப த நி, மேல் ச ரி ச, நி க த ரி க ரி ச நி. பஞ்சமத்தைச் சட்ஜமாக வைத்து அச்சாக அதே சங்கதி. முதல் குரல் நிஷாதத்தைத் தொட்டிருந்தால் பஞ்சமத்திலிருந்து திருப்பிச் சொல்லும்போது பிரதி மத்தியமம் வேண்டியிருக்கும், ராகம் குலையும். நிஷாதத்தை ஒதுக்கியதால் பதிலும் சங்கராபரணத்துக்குள்ளேயே நிற்கிறது. வர்ஜ்ய ஸ்வரம் என்ன வேலை செய்யும் என்று தெரிந்த உங்களுக்கு இதன் அழகு ஐரோப்பிய மாணவனைவிடச் சீக்கிரம் பிடிபடும். நாலு குரலும் வந்து சேர்ந்த பிறகு, ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார். 27 பாருக்குள் அந்தப் பதினாலு ஸ்வரம் 24 தடவை வருகிறது. வெவ்வேறு சட்ஜத்திலிருந்து வருகிறது. அதற்குள் மைனர் சுருதிகளையும் தொட்டுவிட்டு வருகிறது.

கிரக பேதம் உங்களுக்குத் தெரியும். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக்கினால் நடபைரவி, ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் கரஹரப்ரியா. கச்சேரியில் வித்வான் அதைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, கைதட்டல் வந்ததும் திரும்பிவிடுவார். நீடிக்க முடியாது, ஏனென்றால் பின்னால் தம்பூரா நகரவில்லை. பாக் நிஜமாகவே சட்ஜத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். போன இடத்தில் அந்தச் சட்ஜத்துக்கும் ஒரு பஞ்சமம், ஒரு காந்தாரம் வேண்டும். அவை காதில் குத்தாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு மடையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சுருதி சேர்த்தது. தூய காந்தாரத்தைக் கொடுத்து, நடமாடும் சட்ஜத்தை வாங்கினார். நாம் சட்ஜத்தை அசையாமல் நிறுத்தி, தம்பூராவின் காந்தாரத்தை வைத்துக்கொண்டு, ஒற்றை வரிக்குள்ளேயே கௌளையின் ரிஷபம், வராளியின் மத்தியமம் என்று இறங்கினோம். தியாகராஜர் ஆராதனையில் பாடுகிறவர்கள் எத்தனை நூறு பேரானாலும் வரி ஒன்றுதான். அந்த ஒரு வரியை நேருக்கு நேர் பின்னி எதிர்வரி போடும் வேலையை மிருதங்கத்திடம் விட்டுவிட்டோம். பாக்கின் ரசிகர்களில் சிலர் இதை நம் குறை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு நாள் கடிதம் எழுத வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாட்டையின் ஷட்ச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே மெட்டு. வேங்கடமகியின் 72 நடக்க வேண்டுமானால் பன்னிரண்டு இடத்துக்குப் பதினாறு பெயர் வேண்டும். பாக் முதல் புத்தகத்தின் எட்டாவது ஜோடியில் பிரெலூடை ஈ-பிளாட் மைனர் என்றும், ஃபியூகை டி-ஷார்ப் மைனர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கட்டை ஒன்றே, பெயர் இரண்டு. சுருதி சேர்க்கும் பழைய முறை மாறாமல் இருந்திருந்தால் அந்த இரண்டும் ஒரே கட்டையில் உட்கார்ந்திருக்காது.

ஐரோப்பியரின் பல குரல் இசை நம் காவிரிக் கரைக்கு வராமல் இருந்ததில்லை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். பாக்குக்கு அப்போது வயது 21. பாக் வாழ்நாள் முழுக்க நாலு குரலில் இழைத்த லுத்தரன் கீர்த்தனை மெட்டுகள், அவர் உயிரோடு இருந்தபோதே தமிழ்ச் சொற்களோடு நம் கடற்கரையில் பாடப்பட்டன. மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்களோடு பேண்ட் வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்று நம் மேடைக்குக் கொண்டுவந்தார். மெட்டை எடுத்தோம், வாத்தியத்தை எடுத்தோம், இரண்டாவது குரலை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். அது அலட்சியத்தால் என்று நான் நினைக்கவில்லை. தம்பூரா ஒலிக்கும் வீட்டில் அதற்கு உட்கார இடமில்லை.

இடம் பண்ணிப் பார்த்தவர் இளையராஜா. 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். அதில் 'மேட் மாட் மூட் ஃப்யூக்' என்று ஓர் உருப்படி. 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா' என்று இன்னொன்று. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்பதில் பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்றின் பிரெலூடையே அழைத்து வந்து உட்கார வைத்துப் பேசுகிறார். எல்லா இடத்திலும் அது பொருந்தியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று காதால் தெரிந்துகொண்டு அதற்குள் இறங்கியவர் அவர். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய தொகுப்பு அது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிரேடு தேர்வுக்குப் படிக்கும் கீபோர்டுப் பிள்ளைகள் திருவையாற்றிலும் இருக்கிறார்கள், தஞ்சாவூரில் இன்னும் நிறைய. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்த முதல் பிரெலூடையும் ஃபியூகையும் ஸ்டாஃப் நோட்டேஷனிலிருந்து உங்களுக்கு ஸ்வரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். காப்புரிமை எதுவும் இல்லை. நான்கு குரலுக்கும் வீணையில் ஸ்தாயி எட்டாது. கீழ்க் குரலுக்கு கீபோர்டையே வைத்துக்கொள்ளுங்கள், மேலே இரண்டு வீணை, முடிந்தால் ஒரு வயலின். கமகம் வேண்டாம், இந்த ஒரு தடவை. சாதாரணமாக மெட்டின் மேல் விரல் வைத்து வாசியுங்கள்.

முதலில் தம்பூராவைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். பிரெலூடின் முதல் பாரில் உங்கள் காந்தாரம் தம்பூராவோடு சேரும். கீபோர்டின் காந்தாரம் 302.4-இல் நின்றுகொண்டு இரண்டோடும் மெல்ல அலையடிக்கும். இரண்டாவது பாரில் தம்பூரா உங்கள் தைவதத்தை 400-க்குக் கூப்பிடும், ரிஷபம் 405-க்குக் கூப்பிடும். கை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். வயலின்காரரின் விரலையும் பாருங்கள், அவர் தன்னை அறியாமல் ஏற்றியிருப்பார். பிறகு ஃபியூகுக்குப் போங்கள். சட்ஜம் நகரத் தொடங்கும் இடம் வந்ததும் தம்பூரா எரிச்சலாகக் கேட்கும். அந்த இடத்தில் அதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்த தடவை தம்பூரா இல்லாமல் தொடங்கி, ஃபியூகின் 24-ஆவது பார் வரை போங்கள். அங்கே கீழ்க் குரல் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, 27-ஆவது பார் முடியும் வரை விடுவதில்லை. மேலே மூன்று குரலும் என்னவெல்லாமோ செய்கின்றன. அடியில் ச அசையவில்லை. பிரெலூடிலும் இதைச் செய்திருக்கிறார். 24-ஆவது பாரிலிருந்து கீழே பஞ்சமம் நிற்கிறது, 32-இலிருந்து கடைசி வரை சட்ஜம். 32-ஆவது பாரில் அந்தச் சட்ஜத்தின் மேல் ஒரு கைசிகி நிஷாதம் வந்து போகும், சங்கராபரணத்துக்குச் சொந்தமில்லாதது. ஆகவே இரண்டு உருப்படியிலும் அந்தந்த இடத்தில் தம்பூராவை மறுபடி போடுங்கள். அங்கே அது உறுத்தாது.

இதையெல்லாம் வகுப்பு நேரத்தில் செய்ய வேண்டாம். ஆராதனைக்கான ஒத்திகை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போதும். வெயில் தாழ்ந்த பிறகு உட்காருங்கள், மெழுகு இளகியிருந்தால் மெட்டு நகர்ந்து இந்தக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். "வீணையில் என்ன வெள்ளைக்காரன் பாட்டு?" என்று யாராவது கோபித்துக்கொண்டால், ஒன்பதாவது மெட்டைக் காட்டி, தைவதம் 400-ஆ 405-ஆ என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் பலருக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுத்த ஒரு வீணை ஆசிரியர்
திருவையாறு